தோட்டத்து மணியும் இருபத்தாறு மைலும்

ஒரு மனிதன் இருபத்தாறு மைல் ஓடினான் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது, "அந்த வழியில் பஸ் உண்டா?" என்பதுதான். இந்தக் கெட்ட புத்தி பிறவியிலேயே வந்ததல்ல. திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தேகப்பயிற்சி ஆசிரியனாக இருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என்னிடம் பயின்ற ஒருவன் நெடுந்தூர ஓட்டத்தில் முதலாவதாக வந்து மெடல் வாங்கினான். அவன் முழுத் தூரமும் ஓடியதாகச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவன் நான். நடுவில் ஒன்பது மைல் அவன் வைக்கோல் லாரியில் படுத்து வந்தான் என்பது பிறகு தெரிந்தது. அன்று பட்ட அவமானத்துக்குப் பிறகு, கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவனைத்தான் எங்கள் ஓட்டச் சங்கத்தின் காரியதரிசி இலங்கைக்கு அனுப்பினார். காரணம் ஒரு கடிதம். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்த தம்பிராசா என்ற யாழ்ப்பாணத்துக்காரர் எழுதியிருந்தார். அவர்கள் தோட்டத்துத் தபால்காரர் பழனியாண்டி வாரத்தில் இரண்டு நாள் தபால் பையைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு ஓடுகிறார். ஏறக்குறைய இருபத்தாறு மைல். எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டு மணி நாற்பது நிமிஷம். மறுநாள் அதே வழியில் திரும்பி ஓடுகிறார். அதற்கு மூன்று மணி நாற்பது நிமிஷம் ஆகிறது. அவருடைய தாத்தா முசிறிப் பக்கத்திலிருந்து போனவராம்.

"அப்படியானால் நம் ஜில்லாக்காரன்" என்று காரியதரிசி துள்ளினார். சென்னையில் நடக்கவிருந்த மாரத்தான் ஓட்டத்துக்கு எங்கள் ஜில்லா சார்பில் ஆள் இல்லை. இரண்டு மணி ஐம்பது நிமிஷத்துக்குள் ஓடக்கூடியவன் என்றால் பேரைக் கொடுத்துவிடலாம், ஆளைக் கொண்டுவர வேண்டிய காகிதங்களைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் போய்ப் பார்த்து, உண்மையா பொய்யா என்று எழுத வேண்டும். எதுவும் எழுதாவிட்டால் கடைசி நாளன்று பேரைக் கொடுத்துவிடுவார். அவருக்கு அவ்வளவு அவசரம்.

தலைமன்னாரில் கப்பல் இறங்கியதும் ஓர் அதிகாரி எதற்கு வந்தாய், எத்தனை நாள், எப்போது திரும்புவாய் என்று இரண்டு தடவை கேட்டு, என் முகத்தையும் படத்தையும் மூன்று தடவை ஒப்பிட்டுவிட்டு, தேதியைக் குத்தினார். சந்தேகப்படுவதில் எனக்கே அண்ணன் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

பதுளையில் இறங்கியதும் நேராகக் காசிம் நாநாவின் கடைக்குப் போனேன். பலசரக்கும் சாப்பாடும் ஒரே கூரையின் கீழ் நடக்கிற கடை. பழனியாண்டி ஓடி வந்து முதலில் நிற்பது அங்கேதான் என்றும், வந்து சேரும் நேரத்துக்கு நாநாதான் சாட்சி என்றும் கடிதத்தில் இருந்தது. பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டியும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. சம்பல் காதுவரை ஏறியது. தேநீரைக் குடித்துவிட்டு, சுற்றிலும் மலை மலையாய்த் தேயிலை விளையும் ஊரில் இப்படி ஒரு தேநீரா என்று எனக்கு ஐயம் வந்தது. நல்ல தூளெல்லாம் பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறிவிடுகிறது, அடியில் மிஞ்சுவதுதான் நமக்கு என்றார் நாநா. எங்கள் ஊரில் காபி கலக்கிறவன் இதைக் கேட்டால் மகிழ்ந்துபோவான்.

நாநாவின் சுவர்க் கடிகாரத்தையும் என் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டேன். இரண்டும் நிமிஷம் பிசகாமல் ஒன்றாக இருந்தன. பழனியாண்டி வருவது ஒன்பது நாற்பதுக்கு. மிஞ்சினால் ஐந்து நிமிஷம் முன்பின் ஆகலாம் என்றார். பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டுத் தெருமுனையிலிருந்து ஓடி வரலாமே என்றேன். நாநா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அந்த நேரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பஸ்ஸே இல்ல மாஸ்டர். இருந்தாலும் அதுல வந்தா பத்தரைக்கு முன்னுக்கு வந்து சேரமாட்டான்" என்றார்.

அதன் பொருள் மறுநாள் விளங்கியது. லுணுகலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மைல் கற்களை எண்ணிக்கொண்டே போனேன். கல்லையே எவனாவது பிடுங்கி நட்டிருக்கக்கூடாதா என்று ஒரு எண்ணம். ஆகவே கல்லுக்குக் கல் நேரத்தையும் குறித்தேன். பசறை தாண்டி ஓர் ஏற்றத்தில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பியது. கண்டக்டர் தகர டின்னை எடுத்துக்கொண்டு ஓடையைத் தேடிப் போனார். பிரயாணிகள் யாரும் கோபப்படவில்லை. கீழே இறங்கி வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். இதற்கென்றே அங்கே ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்ததுபோல் இருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒருவர் ஓடி வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, வெறுங்கால், முதுகில் வாரிட்டுக் கட்டிய பை. அது பழனியாண்டி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற ஒரு பெண், "அண்ணே, இந்த மருந்துப் போத்தல எங்க லயத்துல குடுத்துருங்க. நாங்க வந்து சேர எந்நேரமாகுமோ" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். அவர் நிற்காமலே வாங்கிக்கொண்டார். என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் சிநேகம் இல்லை. வளைவில் மறைந்துவிட்டார். பஸ் கிளம்ப இன்னும் முக்கால் மணி ஆனது.

ஆக, பஸ் என்ற சந்தேகம் ஒழிந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

தோட்டத்தில் தம்பிராசா எனக்குத் தம்முடைய குவார்ட்டர்ஸிலேயே ஓர் அறை கொடுத்தார். ஒல்லியான, சுறுசுறுப்பான மனிதர். ஆபீஸ் சுவரிலிருந்த பெரிய கடிகாரத்தைக் காட்டி, இதில் பார்த்துத்தான் பழனியாண்டி புறப்படும் நேரத்தையும் வரும் நேரத்தையும் குறிக்கிறோம் என்றார். என் கைக்கடிகாரம் அதைவிட அரை மணி பின்தங்கியிருந்தது. புறப்படும் முன்தான் அதைப் பெரிய கடைவீதியில் ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கியிருந்தேன். அந்தக் கடைக்காரன் பார்வையே சரியில்லை என்று அன்றே நினைத்தேன். அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டு, முள்ளைத் தோட்டத்து மணிக்குத் திருப்பி வைத்தேன். பதுளையில் அது நாநாவின் கடிகாரத்தோடு ஒத்திருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சந்தேகப்படுகிறவனும் அசதியில் தவறுவான்.

மறுநாள் மருந்தகத்தில் பழனியாண்டியை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். தொடையும் தோளும் திரண்ட பயில்வானை எதிர்பார்த்திருந்தேன், முருங்கைக்காய்போல இருந்தார். கையை நீட்டச் சொன்னால் தயங்கினார். "கையைக் காட்டன், அவர் உன்னைத் தின்னமாட்டார்" என்று தம்பிராசா சொன்ன பிறகுதான் கை வந்தது.

நாடியை எண்ணினேன். நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டேதான். சாதாரண ஆளுக்கு எழுபதைத் தாண்டும். வருஷக்கணக்காக ஓடிப் பழகிய இருதயம் பெருத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தத்தைத் தள்ளும். சும்மா இருக்கும்போது அதற்கு அவசரமில்லை. இது பயிற்சிக் கல்லூரியில் படித்த பாடம். ஆனால் இருதயத்தில் கோளாறு இருந்தாலும் நாடி இப்படி அடிக்கும் என்று அதே பாடத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது. எனக்கு எப்போதும் அடுத்த பக்கத்தில்தான் நம்பிக்கை. முப்பது தடவை உட்கார்ந்து எழச் சொன்னேன். நூறைத் தொட்டது. ஒரே நிமிஷத்தில் ஐம்பதுக்கு இறங்கிவிட்டது. நோயாளி இருதயம் அப்படி இறங்காது.

"எப்பிடி மாஸ்டர்? மணிக்கூடு மாதிரி அடிக்குதல்லோ?" என்றார் தம்பிராசா, தாமே செய்து வைத்த இருதயம்போல.

அடுத்ததாகச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தேன். ஏதாவது லேகியம், அபின், கஷாயம்? ஒன்றுமில்லை. விடியற்காலையில் கோதுமை ரொட்டி இரண்டு, கட்டைச் சம்பல், உப்புப் போட்ட கஞ்சி ஒரு செம்பு. வழியில் பசறையில் ஒரு தேநீர். கூடவே இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டி. நம் பிள்ளைகளுக்கு நான் முட்டையும் இறைச்சியும் கொடுக்கச் சொல்வேன், ஓடும்போது தண்ணீர் தொடக்கூடாது என்று அதட்டுவேன். இவர் குடிக்கவும் செய்கிறார், தின்னவும் செய்கிறார்.

ஆனால் அந்தக் கருப்பட்டி என்னை யோசிக்க வைத்தது. மனிதன் எவ்வளவு தின்றாலும் தசைகளில் சேர்த்து வைக்கக்கூடிய சர்க்கரைக்கு ஓர் அளவு உண்டு. பதினெட்டு, இருபது மைலில் அது தீர்ந்துபோகும். பிறகு உடம்பு கொழுப்பை எரிக்கப் பார்க்கும். கொழுப்பு ஈர விறகு, மெதுவாகத்தான் பற்றும். கால் மரத்துப்போகும், முகம் வெளுக்கும், புத்தி மங்கும். எனக்கே நேர்ந்திருக்கிறது. வாலிபத்தில் ஒரு தடவை இருபதாவது மைலில் சாலையோரம் உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமல் அழுதேன். தீர்வதற்கு முன்பே கொஞ்சம் சர்க்கரையை உள்ளே தள்ள வேண்டும் என்று இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

"காலுதாங்க சொல்லுச்சு" என்றார்.

எப்படிப் பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டதற்கும் அவர் வேண்டா வெறுப்பாகத்தான் பதில் சொன்னார். வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதம் நடந்தே போனாராம். பிறகு இறக்கத்தில் மட்டும் ஓடினார். தொடை இரண்டும் வீங்கிப் படிக்கட்டு இறங்க முடியாமல் ஒரு வாரம் கிடந்தார். அது அடங்கியபின் மட்டத்தில் ஓடினார். ஏற்றத்தில் ஓட இரண்டு வருஷம் பிடித்தது. இறக்கம்தான் தசையை நார் நாராகக் கிழிக்கும், ஆறிய நார் முன்னைவிடக் கெட்டிப்படும் என்று நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை, இந்த மனிதர் தபால் பையோடு தாமே கண்டுபிடித்திருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசியாக, சங்கத்தின் படிவத்தை எடுத்து, சொந்த ஊர் எது என்றேன்.

"இந்தத் தோட்டந்தாங்க."

அது தெரியும், பூர்வீகம் எது என்றேன். "இந்தத் தோட்டந்தாங்க" என்றார் மறுபடியும். முசிறிப் பக்கம்தானே என்று எடுத்துக் கொடுத்தேன். அதெல்லாம் தமக்குத் தெரியாது என்று சட்டென்று எழுந்து போய்விட்டார். தன் தாத்தாவின் ஊரைச் சொல்ல ஒரு மனிதன் ஏன் பயப்பட வேண்டும்? ஏதோ மறைக்கிறான் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். அன்று மாலை தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் பக்கம் போனேன். நீளமாக ஒரே கூரை, வரிசையாக அறைகள். என் தலையைக் கண்டதும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. எங்கள் பக்கத்துக் கிராமத்தில் அந்நியன் போனால் நூறு கேள்வி கேட்பார்கள், ஆனால் ஒரு வாய் மோராவது கிடைக்கும். ஊரே சேர்ந்து ஒரு மோசடியைக் காக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மோசடி வேறிடத்தில் இருந்தது. குவார்ட்டர்ஸில் தம்பிராசா பேட்டரி ரேடியோவைத் திருகினார். மணி ஆறு என்று சொல்லிவிட்டுச் செய்தி வாசிக்கத் தொடங்கினார்கள். என் கைக்கடிகாரம் ஆறரை காட்டியது. ரேடியோ நிலையமே பொய் சொல்லுமா? கேட்டேன்.

"தோட்டத்து மணி எப்பவும் அரை மணித்தியாலம் முந்தித்தானே" என்றார் அவர், மழை பெய்கிறது என்று சொல்வதைப்போல. முன்பொரு துரை, விடியுமுன்னே ஆட்கள் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் பேர் கொடுத்துவிட வேண்டும் என்பதற்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தாராம். துரை சீமைக்குப் போய்விட்டார். மணி அப்படியே நின்றுவிட்டது. எல்லாருக்கும் அது பழகிப்போய்விட்டது.

நான் காகிதத்தை எடுத்தேன். பழனியாண்டி தோட்டத்து மணிப்படி ஏழு மணிக்குப் புறப்படுகிறார். அது உலகத்துக்கு ஆறரை. பதுளையில் நாநாவின் கடிகாரம் உலகத்து மணி, ஒன்பது நாற்பது. ஆக, ஓடிய நேரம் இரண்டு நாற்பது அல்ல, மூன்று மணி பத்து நிமிஷம். திரும்பும்போது பதுளை மணிக்குப் புறப்பட்டுத் தோட்டத்து மணிக்கு வருகிறார். மூன்று நாற்பதிலிருந்து அரை மணியைக் கழித்தால் அதுவும் மூன்று மணி பத்து நிமிஷம். போகவும் மூன்று பத்து, வரவும் மூன்று பத்து. மனிதர் மாறவேயில்லை. திரும்பும்போது பை கனம், ஏற்றம் அதிகம் என்று இவர்கள்தான் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பிராசா காகிதத்தை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "நான் அதை யோசிக்கேல்லை மாஸ்டர். சத்தியமா யோசிக்கேல்லை" என்றார். அவரிடம் கபடம் இல்லை. எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம் தாங்கவில்லை. கடல் தாண்டி வந்தது வீண்போகவில்லை, ஒரு பொய்யைப் பிடித்துவிட்டேன்.

படுத்தபின் அந்தச் சந்தோஷம் கரைந்தது. பத்துப் பன்னிரண்டு றாத்தல் பையோடு, பசறையில் நின்று தேநீரும் குடித்து, மூன்று மணி பத்து நிமிஷம். பையை இறக்கி வைத்தால்? காலையில் தம்பிராசாவிடம் சொன்னேன், பை இல்லாமல் ஒரு தடவை என் கண்முன்னே ஓடட்டும் என்று. அவரும் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழி கிடைத்ததென்று இப்போதைய துரையிடம் அனுமதி வாங்கி வந்தார். பழனியாண்டி தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லாரி பதுளைக்குப் போவதாக இருந்தது. கொழுந்து நிறுக்கும் தராசில் பழனியாண்டியை நிறுத்தேன். நூற்றுப் பதினாறு றாத்தல். லாரியின் பின்பக்கம் பெட்டிகளின் மேல், பின்னோக்கி உட்கார்ந்துகொண்டேன். உலகத்து மணிக்குச் சரியாக ஆறரை. அவர் ஓடத் தொடங்கினார், லாரி அவருக்கு முன்னால் ஊர்ந்தது. டிரைவர் முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு, தன் ஜாதகத்தையும் என் ஜாதகத்தையும் சேர்த்துத் திட்டினார். இருபத்தாறு மைல் தூரம் முதுகு முன்னேயும் முகம் பின்னேயுமாகப் பிரயாணம் செய்தால் வயிறு என்னவாகும் என்பதை இங்கே விவரிக்க வேண்டாம்.

கண்ணை மட்டும் எடுக்கவில்லை. ஐந்தாம் மைலில் அவர் காலடிகளை எண்ணினேன், நிமிஷத்துக்கு நூற்று எழுபத்தாறு. பத்தாம் மைலிலும் அதே. பாதம் தரையில் விழும் சத்தமே இல்லை. மூச்சு நாலு அடிக்கு ஒரு முறை. இருபதாம் மைலை ஆவலோடு எதிர்பார்த்தேன். அங்கேதான் மனிதனின் சாயம் வெளுக்கும். அவர் முகம் வெளுக்கவில்லை, அடி குறுகவில்லை, தோள் தொங்கவில்லை. நூற்று எழுபத்தாறு. ஒரு இடத்தில் லாரி இருமி நின்றுவிட, அவர் ஓட்டத்தைத் தணித்து அது கிளம்பும்வரை அங்கேயே குதித்துக்கொண்டிருந்தார். பந்தயக்காரன் எவனும் லாரிக்காகக் காத்திருக்கமாட்டான்.

நாநாவின் கடை வாசலில் என் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி பன்னிரண்டு நிமிஷம். பையோடு ஓடியதைவிட இரண்டு நிமிஷம் அதிகம்.

உடனே மணிக்கட்டைப் பிடித்தேன். நூற்று நாலு. இரண்டு நிமிஷத்தில் அறுபத்தாறு. நெஞ்சு வெடிக்க ஓடி முடித்தவனுக்கு நூற்றறுபதாவது இருக்க வேண்டும், நூறுக்குக் கீழே வரவே கால் மணியாகும். நாநாவின் அரிசி நிறுக்கும் தராசில் ஏற்றினேன், நூற்றுப் பதினாலு. மலையானாலும் வெயில் ஏறிய காலையில் உயிரைக் கொடுத்து ஓடினால் ஆறேழு றாத்தல் வியர்வையாகப் போகும். இவருக்கு இரண்டுதான் போயிருந்தது. குளித்துவிட்டு வந்து, வலியே இல்லாமல் சம்மணமிட்டு உட்கார்ந்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். இந்த உடம்பு இன்று ஓடவில்லை, உலாவியிருக்கிறது. வேகமாக ஓடாதவன் ஓடியதாகச் சொன்ன கதைகள் எனக்கு ஆயிரம் தெரியும். ஓடக்கூடியவன் ஓடாமல் ஏமாற்றியதை அன்றுதான் பார்த்தேன்.

பிற்பகலில் கூட்டம் ஓய்ந்த பிறகு, கடையின் பின்கட்டில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே அவரை உட்கார வைத்து, நாடிக் கணக்கை முன்னால் வைத்துச் சொன்னேன். வாய் பொய் சொல்லும், கடிகாரமும் பொய் சொல்லும், நாடி சொல்லாது. நீங்கள் இன்று ஓடவில்லை, ஏன்?

அவர் அந்தக் காகிதத்தை என் பக்கமே தள்ளினார்.

"நெசந்தாங்க. ஓடலை. ஐயா கோவிச்சுக்கப்படாது. இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டு வருசக்கணக்காச்சு. அடுத்த மாசம் கவர்மெண்டு கச்சேரில விசாரணை வச்சிருக்காங்க. ஊருக்குப் போனியா, பணம் அனுப்புனியா, அங்க ஆரு இருக்கான்னு கேப்பாங்க. நான் கடலயே பாத்ததில்லீங்க. அதத்தான் சொல்லப்போறேன். இப்ப மெட்ராஸுக்குப் போயி ஓடுனா, நெஞ்சில எந்த ஊரு பேர ஒட்டுவீங்க?"

 காரியதரிசி 'திருச்சி' என்று பெரிய எழுத்தில் துணி தைக்கக் கொடுத்துவிட்டிருந்தார்.

"பொஞ்சாதியும் மூணு புள்ளைங்களும் லயத்துல இருக்காங்க. எம் பேர அடிச்சுட்டா அவங்க பேரயும் அடிச்சுருவாங்க. நான் அங்க ஓடிக்கிட்டு இருக்கையில, திரும்பி வராதன்னு சொல்லிட்டா எங்கங்க போவேன்?"

முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். "நோட்டுப் புஸ்தகத்தோட வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்றதுங்க? நீங்க ஆரு அனுப்பி வந்தவருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் அவரைச் சந்தேகப்பட்ட நாளெல்லாம் அவர் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். அவரிடம் அதற்கு என்னைவிட நல்ல காரணம் இருந்தது. லயத்தில் சாத்திய கதவுகளும் எனக்கு அப்போதுதான் விளங்கின.

அந்தப் பந்தயத்தில் ஓட ஆசையே இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"ஆசை இல்லாமயாங்க? நீங்க வந்ததிலேருந்து காலு தூங்கலீங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல. இப்படிப்பட்ட ஒரு இருதயத்தை என் வாழ்நாளில் மறுபடி தொடப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்ற வெறியும் இருந்தது. உண்மையை எழுதினால் அவர் பயந்ததுதான் நடக்கும் என்பதும் தெரிந்தது. ஓடக்கூடியவர் என்று எழுதினால் காரியதரிசி விடமாட்டார். கண்டியிலிருக்கும் இந்திய அலுவலகத்துக்கு மனு, தோட்டத்துத் துரைக்குக் கடிதம், 'எங்கள் ஜில்லாக்காரர்' என்று பத்துக் காகிதத்தில் முத்திரை. ஒன்றும் எழுதாமல் சும்மா இருந்தாலும் கடைசி நாளன்று பேர் போய்விடும்.

எழுதினேன். மூன்று மணி பன்னிரண்டு நிமிஷம், நேரில் பார்த்தேன். முந்தைய கணக்குக் கடிகாரப் பிழை. பந்தயத்துக்கு வேண்டிய உடல் தகுதி இந்த மனிதருக்கு இல்லை. சொந்த ஊர் என்ற இடத்தில் தோட்டத்தின் பெயர். நாடிக் கணக்கைச் சேர்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். வைக்கோல் லாரி விஷயத்தில் நான் ஏமாந்துதான் பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை தெரிந்தே போட்டேன்.

பழனியாண்டி காகிதத்தை வாங்கி நாநாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நாநா வாசித்தார். "இன்னொருக்கா வாசிங்க நாநா" என்றார். 'தகுதி இல்லை' என்ற இடம் வந்தபோது அவர் தலை குனிந்தது. பெருமைக்காரர்தான், அதுவரை எனக்கு அது தெரியவில்லை. பிறகு காகிதத்தை மடித்து உறையில் போட்டு, தாமே நாக்கால் நனைத்து ஒட்டினார்.

நானே போகிறபோது தபாலில் போட்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அப்படியானால் தந்தி அடிக்கலாமே என்றேன். தந்தியில் கையெழுத்து இருக்காது, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றார்.  நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

நாநா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். ரயிலுக்குத் தபால் கட்டுவது நாலரைக்கு. இன்னும் நாலு நிமிஷம்தான். தபாலாபீஸ் முக்கால் மைல், அதுவும் ஏற்றம். "இன்டைக்கி ஏலாது, நாளைக்கிப் பாப்பம்" என்றார். நாளைக்குப் போட்டால் கடைசி நாளுக்குள் திருச்சி போய்ச் சேராது என்றேன் நான்.

நான் சொல்லி முடிப்பதற்குள் பழனியாண்டி வாசலில் இல்லை. எழுந்து தெருவுக்கு ஓடினேன். காலையில் அவ்வளவு நேரம் நான் பார்த்தது ஓட்டமே அல்ல. முழங்கால் உயர்ந்தது, பாதம் தரையைத் தொட்டதா என்று தெரியவில்லை, மாட்டு வண்டியும் சைக்கிளும் தாமாகவே ஒதுங்கின. ஏற்றம் தொடங்கிய இடத்தில் வேகம் கூடியது. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். இருபத்தைந்து வருஷமாக ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒருவர் ஓடி நான் பார்த்ததில்லை. தன்னால் ஓட முடியாது என்று நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர் அப்படி ஓடினார்.